காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய காவலர்

பிள்ளை காணாமற்போன வீட்டில் அடுப்பும் எரியாது, உறக்கமும் வராது. அத்தகைய குடும்பங்கள் பலவற்றின் துயர் துடைத்தவர் இந்தியாவின் டில்லிக் காவல்துறையைச் சேர்ந்த சீமா டாக்கா என்னும் பெண்மணி.

2006ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த இவரும் ஒரு தாயே. 2020ஆம் ஆண்டில், தலைமைக் காவலராக இருந்தபொழுது, மூன்று மாதங்களுக்குள் 76 பிள்ளைகளைக் கண்டுபிடித்தார். அவர்களுள் 56 பேர் 14 வயதிற்கும் குறைந்தவர்கள். மேற்கு வங்காளத்தில் ஒரு பிள்ளையை மீட்க, வெள்ளம் பெருகிய இரண்டு ஆறுகளைப் படகில் கடந்தார். புகார் கொடுத்த தாய் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டமையால், அத்தாயைத் தேடுவதே பெரும்பாடாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் இவருக்குச் சிறப்புப் பதவி உயர்வு வழங்கப்பட்டது.

பெற்றோர்களே! பிள்ளையைக் காணவில்லையெனில் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பின்னர்த் தோட்டம் மாறிச் சென்றால், புதிய முகவரியைத் தெரிவிக்க மறவாதீர்கள்.