தோர்ணக்கல் சென்ற தமிழர்

தெலுங்கு நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் கிறிஸ்தவக் குடும்பங்களும் பல உள. ஞாயிறுதோறும் ஆலயம் செல்கின்றோம். வீடுகளில் ஜெபக் கூட்டம் நடத்துகின்றோம். கிறிஸ்துமஸ் அன்று அடுத்த வீட்டாருக்குப் பலகாரம் அனுப்புகின்றோம். ஆயினும், நம் வாழ்வைக் கண்டு, “இவர்கள் வணங்கும் தெய்வம் யார்?” என்று கேட்க எவரேனும் நம்மை நாடி வருகின்றனரா? இக்கேள்வி சில காலமாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கின்றது.

அதற்குக் காரணம் ஒன்று உண்டு. குடுபல்லிக்கு வருமுன் நான் பணிபுரிந்த ஒரு நிலையத்தில், முதியவர் ஒருவர் பயணச்சீட்டு வாங்குமிடத்தில் வந்து தெலுங்கில் ஏதோ வினவினார். எனக்கு அம்மொழி அரைகுறை. சரியாகக் கேட்டறியப் பொறுமையின்றி, சுவரிலிருந்த கால அட்டவணையைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிட்டேன். அவருக்கோ எழுத்து வாசனை இல்லை. வண்டி அவர் கண் முன்னே புறப்பட்டுப் போயிற்று. என் மேசையின் மீது வேதபுத்தகம் இருந்தது. அதனை அவர் பார்த்திருந்தால் என்ன எண்ணியிருப்பார்!

அன்றுமுதல் அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வரலாறு என் சிந்தையை விட்டு அகலவில்லை. நம்மைப் போலவே தமிழகத்தினின்று தெலுங்கு நாடு சென்றவர் அவர். ஆனால் பிழைப்பு நாடிச் சென்றவரல்லர்.

அவர் 1874ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். கல்லூரிப் படிப்புக்குப் பின் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் ஊழியம் செய்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழர் தம் சொந்தப் பொருளைக் கொண்டே மிஷனரி ஊழியம் நடத்துவதைக் கண்டார். நம்மால் ஏன் இயலாது என்ற எண்ணம் எழுந்தது. அதன் பயனாக 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. அச்சங்கம் தெரிந்துகொண்ட ஊழியக்களமே நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல். இரயில் பாதைகள் பிரியும் சந்திப்பாக இன்று நம் இலாகாவினர் நன்கறிந்த ஊர். தற்போது தெலங்கானாவில் உள்ளது.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் தங்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே குடும்பத்துடன் அங்குச் சென்றார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்று, அம்மொழியிலேயே போதித்தார். மாட்டு வண்டியில் கிராமங்கள்தோறும் சென்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

அவருடைய ஊழியத்தில் திரண்டு வந்தவர்கள் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட ஏழை மக்கள். ஞானஸ்நானம் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவியாதிருந்தால் தமக்குக் கேடு என்னும் பவுல் அப்போஸ்தலரின் கருத்தைத் தம் வாயாலேயே சொல்லும்படி செய்வார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் நடத்தையால் சாட்சி பகரலாம் என்பது அவர் துணிபு. அது வீண்போகவில்லை. குடியை விட்டு, தூய்மையைப் பேணி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய அக்கூலி மக்களைக் கண்டு, அவர்களைத் தீண்டவும் மறுத்த சாதியினர் சிலரே பின்னர் அச்சபையைத் தேடி வந்தனர். 1945 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தபோது, அவருடைய மறைமாவட்டத்துக் கிறிஸ்தவரின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் சங்கத்திலும் பல சமயத்தார் உளர். எச்சமயத்தவராயினும், அயலாரை எண்ணிக்கையாகக் கருதாமல் மனிதராகக் கருத வேண்டும் என்பதில் வேற்றுமை இராது. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அசரியா வற்புறுத்தியதும் அதுவே. மேல்நாட்டு ஊழியர்களின் தியாகத்துக்கு நன்றி கூறியபின், இனி எமக்கு வேண்டுவது நட்பு என்று அவர் துணிந்து கேட்டார். தருமம் செய்பவன் உயர நின்று கொடுக்கலாம். நண்பனோ அருகில் அமர வேண்டும்.

அன்று மேல்நாட்டார்க்கு அவர் சொன்னது இன்று நமக்கும் பொருந்தும். நம்மில் பலர் இருபது ஆண்டு இங்கு வாழ்ந்தும் அடுத்த வீட்டாரின் மொழியை நாவில் ஏற்றிக்கொள்ளவில்லை. நாம் அனுப்பும் பலகாரம் மதில் தாண்டிச் செல்கின்றது, நாம் செல்வதில்லை. 1939இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற தோர்ணக்கல் பேராலயத்தைப் பாருங்கள். கோயில் மண்டபத்தின் சாயலும், மசூதியின் கும்மட்டமும் அதில் இசைந்து நிற்கின்றன. அங்கு வருபவர் எவருக்கும் அது அந்நிய வீடாகத் தோன்றலாகாது என்பதே அவர் கருத்து.

குடுபல்லிக்கு வந்தபின், அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் மாலைதோறும் தெலுங்கு கற்று வருகின்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். வேதவசனம் எதுவும் நான் அவருக்குச் சொன்னதில்லை. சென்ற மாதம் அவர் பேரனுக்குக் காய்ச்சல் கண்டபோது, இரவில் முதலில் தட்டியது எங்கள் வீட்டுக் கதவைத்தான். “நீங்கள் சாமி கும்பிடுவீர்களே, இவனுக்காகவும் சொல்லுங்கள்” என்றார். அந்த முதியவருக்கு நான் பட்ட கடனில் ஒரு சிறு பங்கேனும் அன்றிரவு தீர்ந்ததாக உணர்ந்தேன்.