அரை கிரவுனுக்கு மேல் வேண்டாம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரின் 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. கைகளை அகல விரித்து நிற்கிறார் இயேசு. அவர் கறுப்பர். வலக்கை எதையோ தடுத்துத் தள்ளுகிறது. இடக்கை எதையோ கொடுக்க நீள்கிறது. தள்ளுவது வெறுப்பையும் அநீதியையும், கொடுப்பது மன்னிப்பை. தலைக்கு மேல் வானவில். மிகச் சிறியவருக்கு நீங்கள் செய்வது எதுவோ அதை எனக்கே செய்கிறீர்கள் என்னும் மத்தேயு நற்செய்தியின் கருத்து, சில சொற்களில் காலடியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உபயதாரர் பெயரும் உண்டு: வேல்ஸ் மக்கள்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டு நிறவெறிக்கு எதிராகத் தெருவில் இறங்கிய பர்மிங்ஹாமின் கறுப்பினப் பிள்ளைகள் இந்தத் தேவாலயத்திலிருந்துதான் ஊர்வலம் புறப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் வைத்த டைனமைட், காலை 10.22-க்கு வெடித்தது. கீழ்த்தளத்தில் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நாயருக்கு 11. ஆடி மேயின் தங்கை சாரா உயிர் பிழைத்தாள். ஆனால் பறந்து வந்த கண்ணாடிச் சில்லுகள் அவளுடைய வலக்கண்ணைப் பறித்துவிட்டன. தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளில் ஒன்று மட்டுமே தப்பியது. அதிலும் இயேசுவின் முகம் பெயர்ந்து விழுந்திருந்தது.

வேல்ஸில் லான்ஸ்டெஃபான் என்ற கடலோரக் கிராமத்தில் இருந்த ஜான் பெட்ஸ் இந்தச் செய்தியை வானொலியில் கேட்டார். கண்ணாடி ஓவியம் அவர் தொழில். தகப்பன் என்ற முறையில் பிள்ளைகளின் சாவும், கைவினைஞர் என்ற முறையில் அத்தனை ஜன்னல்கள் நொறுங்கியதும் அவரை உலுக்கின. அந்தத் தொழிலில் அவசரத்துக்கு இடமில்லை. கண்ணாடியை வடிவம் வடிவமாக வெட்டி, முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் கருநிற வண்ணத்தில் தீட்டி, சூளையில் சுட்டு, துண்டு துண்டாக ஈயப் பட்டைகளில் பொருத்த வேண்டும். நொறுங்கியதன் இடத்தில் தன் கையால் ஒன்றைச் செய்து கொடுக்கத் துணிந்தார் பெட்ஸ். பொருளுக்குப் பணம் வேண்டுமே? 'வெஸ்டர்ன் மெயில்' நாளிதழின் ஆசிரியர் டேவிட் கோலைத் தொலைபேசியில் அழைத்தார்.

முதல் பக்கத்தில் வேண்டுகோள் வந்தது, ஒரு நிபந்தனையோடு. யாரும் அரை கிரவுனுக்கு மேல் தரக்கூடாது. அரை கிரவுன் என்பது அன்றைய பிரிட்டிஷ் நாணயக் கணக்கில் இரண்டரை ஷில்லிங். ஒரு பவுண்டில் எட்டில் ஒரு பங்கு. பணக்காரர் ஒருவரே முழுத் தொகையையும் கொடுத்துவிடக் கூடாது, வேல்ஸ் மக்கள் எல்லோருடைய கொடையாகவும் அது இருக்க வேண்டும் என்பதே நோக்கம். கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே பகுதியில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் வரிசையில் நின்று தங்கள் கைச்செலவுக் காசைக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த நிபந்தனைதான். நன்கொடைக்குக் குறைந்தபட்சத் தொகை வைப்பதைத்தான் எங்கும் பார்க்கிறோம். இவர்கள் உச்சவரம்பு வைத்தார்கள். சுரங்கத் தொழிலாளியும் பள்ளிச் சிறுமியும் கனவானும் ஒரே அளவு பங்காளிகள் ஆனார்கள். துக்கம் விசாரிக்கப் போகும் இடத்தில் யார் கூடக் கொடுத்தார், யார் குறையக் கொடுத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்த ஏற்பாடு இது.

வேல்ஸுக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே இருந்த பாசம் அன்று முளைத்ததல்ல. கறுப்பின அமெரிக்கப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை அமெரிக்க அரசு பறித்து வைத்திருந்தபோது, 1957-ல் போர்த்கால் நகரில் கூடிய வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்காக அவர் அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். அவர்கள் பதிலுக்குப் பாடினார்கள். அப்படிப்பட்ட மக்களுக்கு அலபாமா அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

1965-ல் ஜன்னல் பர்மிங்ஹாம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பர்கள் வாக்குரிமைக்காக அடிபட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டு, வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பு இயேசுவைச் செய்து அனுப்பினார். நீதி இவ்வளவு சீக்கிரம் வரவில்லை. குண்டு வைத்தவர்களில் முதல் ஆள் தண்டிக்கப்பட்டது 1977-ல். அடுத்த இருவர் 2001, 2002-ல். நான்காவது ஆள் வழக்கையே சந்திக்காமல் 1994-ல் செத்துப்போனார். ஓர் அரசு 39 ஆண்டு இழுத்ததை, எளிய மனிதர்கள் சில்லறைக் காசில் இரண்டே ஆண்டில் தங்கள் அளவில் செய்து முடித்திருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அட்லாண்டா வரை போகும் பெற்றோர் நம்மில் உண்டு. அங்கிருந்து பர்மிங்ஹாம் காரில் இரண்டரை மணி நேரம்தான். தேவாலயத்துக்குள் போனால் முன்னாலிருக்கும் பீடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்; இந்த ஜன்னல் பின்பக்க மாடத்துக்கு மேலே இருக்கிறது. பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், அந்த நான்கு சிறுமிகளின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.