மீன் வண்டியின் தொட்டியில் துரு

நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் மீன் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர், அடையாறு தெருக்களுக்கு வரும் சிறு லோடு வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பின்தொட்டியிலிருந்து ஐஸ் உருகிய உப்புநீர் சொட்டிக்கொண்டே போகும். என்ஜின் நன்றாக ஓடும்போதே தொட்டியின் தகடு அரித்து ஓட்டை விழுந்துவிடுவது உண்டு. புதுத் தொட்டி கட்டுவது சிறு வியாபாரிக்குப் பெருஞ்செலவு. துரு ஆழமாக இறங்குமுன் கவனித்தால் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம்.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து, அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே வேறோர் இடத்துக்குச் செல்ல, அங்கே நீரும் ஆக்சிஜனும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும், அரிப்பும் விரையும்.

இதில் ஒரு விந்தை. காற்று நன்றாகப் படும் இடத்தைவிட, சேறும் செதிலும் படிந்த மூலையில்தான் தகடு அதிகம் அரிக்கிறது! ஆக்சிஜன் மிகுந்த பகுதி எலெக்ட்ரானை வாங்கும் எதிர்மின்வாய் ஆகிறது. ஆக்சிஜன் குறைந்த பகுதி நேர்மின்வாயாகிக் கரைகிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர் யூ.ஆர். எவன்ஸ் இதை ஒரே துளி உப்புநீரில் காட்டினார். நீங்களும் பள்ளி ஆய்வகத்தில் செய்யலாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில், பீனால்ஃப்தலீன் கலந்த உப்புநீர் ஒரு துளி விடுங்கள். சிறிது நேரத்தில் துளியின் விளிம்பு இளஞ்சிவப்பாகும். இரும்பு கரைவதோ நடுவில்! இரண்டுக்கும் இடையில் பிறகு பழுப்பு வளையம் தோன்றும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். உப்பை உள்ளே வைத்துப் பெயின்ட் அடித்தால் அது மீண்டும் கொப்புளித்து எழும். பிறகு ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, துருதான் இருக்கிறது. அந்த இடத்துக்கு வெல்டிங்தான் வழி. மற்ற இடங்களைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் தேய்க்கலாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே நனைத்தே தேய்க்க வேண்டும், தூசியைச் சுவாசிக்கக் கூடாது.

குழிகளில் ஒட்டியிருக்கும் துருவுக்கு நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். இரும்பின் மேல் பாஸ்பேட் படலம் உண்டாகும். டில்லி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கும் அதன் இரும்பிலுள்ள பாஸ்பரஸ் தந்த இத்தகைய படலமே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். அமிலத்தைப் பெரியவர்கள் கையுறை அணிந்து கையாளட்டும். எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல.

கழுவி, நன்கு உலர்ந்ததும் பிரைமர். கடையில் 'ரெட் ஆக்சைடு' என்று கேட்டால் தருவார்கள். அதன் சிவப்பு நிறமியும் இரும்பு ஆக்சைடுதான்! துருவின் உறவினரையே காவலுக்கு வைக்கிறோம். ஆனால் துரு பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். இந்த நிறமியின் துகள்களோ பெயின்ட் பிசினில் இறுகப் பதிந்து மறைப்பாக நிற்கின்றன. மீன் வண்டிக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இன்னும் நல்லது. மேலே எனாமல் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சின் நுண்துளைகளை இரண்டாவது மூடிவிடும்.

சென்னையில் நேரமும் முக்கியம். பனி ஈரம் காய்ந்தபின், கடற்காற்று வீசத் தொடங்குமுன், முற்பகலிலேயே பூசிவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மழைநாட்களைத் தவிர்க்கலாம். பிரைமரை மட்டும் பூசி நாள்கணக்கில் வெளியே விட்டால் அதன்மேல் உப்பு படியும். தொட்டியின் அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பெயின்ட் அடைத்துவிடாமல், காய்வதற்குள் ஒரு குச்சியால் திறந்துவிடுங்கள்.