தானாகக் கரை ஒதுங்கும் மீன்கள்... அமெரிக்காவின் 'ஜூபிலி'க்குப் பின்னால் இருக்கும் மூச்சுத்திணறல்!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ளது மொபைல் விரிகுடா. கோடையில் சில நாட்கள், விடியும் முன்பே இதன் கிழக்குக் கரையில் மீன், நண்டு, இறால் எல்லாம் வந்து குவியும். மக்கள் வாளியும் கையுமாக ஓடிவந்து அள்ளுவார்கள். இந்தக் கொண்டாட்டத்துக்குப் பெயர் 'ஜூபிலி'. ஆனால் மீன்களுக்கோ இது உயிர் பிழைக்கும் ஓட்டம்!

தண்ணீரில் 2 அடுக்கு

ஆறும் கடலும் சேரும் இடம் இது. எடை குறைந்த ஆற்றுநீர் மேலே நிற்கும். கனமான உப்புநீர் அடியில் தங்கும். பலத்த காற்று அடித்தால் இரண்டும் கலந்துவிடும். காற்று ஓய்ந்தால், மேல் அடுக்கு மூடி மாதிரி ஆகிவிடும். ஆக்சிஜன் அடிக்கு இறங்காது.

இருந்த ஆக்சிஜன் எங்கே போகுது?

அடியில் படிந்த இலைதழை, செத்த பாசியை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் அதைத் தீர்த்துவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால், பல உயிர்கள் தாக்குப்பிடிக்காது.

கரைக்கு ஏன் வருது?

மெல்லிய கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கும். கடல் ஏற்றத்தோடு சேர்ந்து ஆக்சிஜன் இல்லாத அடிநீர் கரைப்பக்கம் நகரும். தரையோடு வாழும் தட்டை மீனும் நண்டும் அதற்கு முன்னால் ஓடி, கரையில் சிக்கிக்கொள்ளும். வெயில் ஏறி நீர் கலந்தால், பிழைத்தவை திரும்பிவிடும்.

ஜூபிலி இயற்கையானது, 1860-களிலேயே பதிவாகியிருக்கு. ஆனால் வயல் உரமும் கழிவுநீரும் சேர்ந்தால் பாசி பெருகி, பற்றாக்குறை வாரக்கணக்கில் நீடிக்கும். அதே நாட்டின் செசபீக் விரிகுடாவில் கோடைதோறும் நடப்பது அதுதான். அங்கே அடியில் சிக்கும் சிப்பியால் ஓடித் தப்பவும் முடியாது.