காபெற் வீதியில் ஓடும் பாரம்: கப் வாகனத்தில் எதை, எங்கே, எப்படிக் கட்டுவது?

இடப்பெயர்வுக் காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு வீட்டையே ஏற்றிக் கட்டிய அனுபவம் வன்னி மக்களுக்கு உண்டு. கூரைத் தகடு, நெல் மூடை, நீரிறைக்கும் இயந்திரம், அவற்றின் மேல் முதியவர்களும் பிள்ளைகளும். குண்டும் குழியுமான வீதிகளில் வாகனங்கள் ஊர்ந்துதான் சென்றன. கைக்குக் கிடைத்த கயிறே போதுமாக இருந்தது.

போருக்குப் பின்னர் ஏ-9 வீதி காபெற் வீதியாகிவிட்டது. அதே பாரம் இன்று பட்டாவிலும் கப் வாகனத்திலும் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. 20 கிலோமீற்றருடன் ஒப்பிட்டால் வேகம் மூன்று மடங்கு. பாரத்தின் இயக்கச் சக்தியோ ஒன்பது மடங்கு. வீதி மாறிய அளவுக்குக் கட்டும் பழக்கம் மாறவில்லை.

பிரேக் பிடித்தால்

திடீரெனப் பிரேக் பிடித்தால் வாகனம் நிற்கும். பாரம் தொடர்ந்து முன்னோக்கிப் போகப் பார்க்கும். பாரத்தின் எடையில் 80 சதவீதம் முன்பக்கமாகவும், 50 சதவீதம் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் தள்ளும் எனக் கொண்டே கட்ட வேண்டும் என்கிறது ஐரோப்பிய நியமம். 500 கிலோ எடையுள்ள அரைக்கும் இயந்திரம் என்றால், சாரதியின் முதுகுப் பக்கமாக 400 கிலோ தள்ளுகிறது. "பாரமான சாமான்தானே, அசையாது" என்று நம்ப முடியாது. பெட்டியின் தளத்தில் மணலோ ஈரமோ எண்ணெயோ இருந்தால் இன்னும் இலகுவாக வழுக்கும். கீழே றப்பர் விரிப்பு இருந்தால் பிடிப்புக் கூடும்.

ஆகவே பாரத்தைப் பெட்டியின் முன்சுவரோடு இடைவெளியின்றிச் சேர்த்து வையுங்கள். பின்சில்லுக்கு அப்பால் பாரம் கூடினால் முன்சில்லுகளின் பிடிப்புக் குறைந்து, ஸ்டியரிங் சொல் கேட்காது.

எங்கே கட்டுவது?

பெட்டிக்குள் இருக்கும் இரும்பு வளையங்களே கட்டுவதற்குரிய இடம். ஒவ்வொன்றும் தாங்கும் அளவை வாகனக் கைநூலில் பாருங்கள். பின்கதவின் கொளுக்கி, மெல்லிய தகட்டு விளிம்பு என்பவற்றில் கட்ட வேண்டாம். வளையம் இல்லாத பழைய வாகனத்தில், தளத்தின் கீழுள்ள இரும்புச் சட்டத்தோடு சேர்த்து, தடித்த தகடு வைத்து போல்ட் பூட்டுவிக்கலாம். மெல்லிய தகட்டில் வெல்டிங் செய்த வளையம் தகட்டோடு கிழிந்து வரும்.

எப்படிக் கட்டுவது?

இயந்திரத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு வளையங்களுக்குத் தனித்தனியாகக் கட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடிக்கும். ஒரே கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால், ஓரிடத்தில் அறுந்ததும் எல்லாம் தளரும்.

மேலால் போடும் கயிறு பாரத்தைக் கீழே அமர்த்த மட்டுமே உதவும். அது செங்குத்தாக இறங்கினால் முழு இழுவையும் கீழ்நோக்கிக் கிடைக்கும். தளத்தோடு 30 பாகை சரிவில் போனால் பாதிதான் கிடைக்கும்.

நைலோன் கயிறு இழுபடும். முடிச்சுப் போட்டால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். நெம்பி இறுக்கும் பொலியெஸ்டர் பட்டி மேலானது. நியமப்படி தயாரித்த பட்டியில் நீல நிறச் சீட்டில் தாங்கும் அளவு இருக்கும். அந்தச் சீட்டு இல்லாத, விளிம்பு கிழிந்த, வெயிலில் நைந்த பட்டியை நம்ப வேண்டாம். கூரான மூலைகளில் பழைய ரியூப் துண்டு வைத்துக் கட்டுங்கள்.

டீசல் பரல்களை நிமிர்த்தி, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, அடியில் மரக்கட்டை செருகுங்கள். புறப்பட்டுச் சில கிலோமீற்றரில் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். ஓட்டத்தில் மூடைகள் அமர, கட்டுத் தளரும்.

பாரத்தின் மேல் ஆட்கள்

ஏற்றி இறக்கும் கூலித் தொழிலாளர்கள் பாரத்தின் மேலேயே இருந்து செல்வதை இன்றும் காண்கிறோம். இயந்திரத்துக்கு நான்கு கட்டு உண்டு. அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடனுக்கு வாங்கிய இயந்திரம் விழுந்தால் கடன் மிஞ்சும். உழைக்கும் ஒருவர் விழுந்தால், ஏற்கனவே பலரை இழந்த குடும்பத்தில் இன்னொரு இடம் வெறுமையாகும். ஆட்களை வேறு வாகனத்தில் அனுப்புங்கள்.