நந்தன் கதையை நாடகமாக்கலாமா?

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்தால் இடப்புறம் நீண்டு கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. வயல்களுக்கு நீர் பாய்ச்சிய அந்த ஏரி இன்று மாநகரின் தாகத்தைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. ஏரிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என வரிசையாகத் தொழிற்சாலைகள். இரவும் பகலும் தொழிலாளரை ஏற்றி இறக்கும் பேருந்துகள். தமிழகத்தின் எல்லா மாவட்டத்துப் பேச்சும், வடநாட்டு மொழிகளும் அங்கே ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கக் கேட்கலாம்.

அப்பகுதிப் பங்கு ஒன்றில் ஆண்டுத் திருவிழாவுக்கான ஆலோசனைக் கூட்டம் ஒரு ஞாயிறு மாலை நடைபெற்றது. நம்மையும் அழைத்திருந்தார்கள். கொடியேற்றம், தேர்ப்பவனி, அன்னதானம் யாவும் அரைமணியில் முடிவாயின. கலைநிகழ்ச்சி என்ற இடத்தில்தான் கூட்டம் தடைபட்டு நின்றது. “இவ்வாண்டு நந்தன் கதையை நாடகமாக நடிக்க விரும்புகிறோம்” என்று இளைஞர்கள் எழுந்து சொன்னார்கள்.

மூன்று மறுப்புகள் உடனே எழுந்தன. “அது சைவர்களின் கதை, நம் திருவிழாவில் அதற்கு என்ன வேலை?” என்றார் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர். “நம் பிள்ளைகள் வேறுபாடு தெரியாமல் பழகி வருகிறார்கள். சாதி என்ற சொல்லையே அவர்களுக்கு நாம் ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்?” என்று கேட்டார் ஒரு தாய். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரோ, “வேண்டாம் சாமி, ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம்” என்று மட்டும் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

அப்போது, கைபேசித் தொழிற்சாலையில் பணிபுரியும் தென்மாவட்டத்துப் பெண் ஒருத்தி மெல்ல எழுந்தாள். “அம்மா, நான் சாதியை நாடகத்தில் கற்கவில்லை. இங்கே வாடகைக்கு அறை தேடியபோது கற்றேன். முதலில் ஊரைக் கேட்டார்கள். பிறகு ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னதும், அறை காலியில்லை என்றார்கள்” என்றாள். மன்றத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

“அடுத்த ஞாயிறும் கூடுவோம். அதற்குள் அந்தக் கதையை எல்லாரும் தெரிந்துகொண்டு வருவோம்” என்றார் பங்குத்தந்தை. கதையின் வரலாற்றைத் தொகுத்துச் சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அன்று சொன்னதையே இங்கும் சுருக்கித் தருகிறோம்.

குன்றத்தூரார் சொன்ன கதை

நந்தனின் கதையை விரித்துப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. சுந்தரர் தம் தொண்டர் வரிசையில் பெயரளவில் குறித்த திருநாளைப்போவாருக்கு, 12-ஆம் நூற்றாண்டில் ஊரும் தொழிலும் உணர்வும் தந்து, பெரிய புராணத்தில் முழு உருவம் கொடுத்தவர் அவரே.

ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார் கோவில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் தந்துவந்தார். அவர் தந்த தோல் உள்ளே முழங்கிற்று. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் அவர் இறைவனைக் காணும் பொருட்டு நந்தி விலகியது. தில்லையிலோ எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தாரேயன்றி உள்ளே நுழையவில்லை. முடிவில் தீயில் மூழ்கி எழுந்து, முனிவர் வடிவு பெற்ற பின்னரே கோவிலுக்குள் சென்றார் என்பது புராணம்.

ஒதுக்கப்பட்ட ஒருவரை அடியாராக வணங்கச் செய்தது இக்காவியம். ஆயினும், ‘அவர் தம் உருவத்தோடு உள்ளே செல்லலாகாதா?’ என்ற கேள்வியையும் அதுவே விட்டுச் சென்றது. பின்வந்த நூற்றாண்டுகள் அக்கேள்வியோடு போராடின.

புலவரும் பாடகரும்

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாக இயற்றினார். சேக்கிழாரிடம் இல்லாத பாத்திரம் ஒன்றை அவர் சேர்த்தார். அவர்தாம் நந்தனை ஆளாக வைத்திருக்கும் நிலக்கிழாராகிய வேதியர். நாற்பது வேலி நிலத்து வேளாண்மையை முடித்த பின்பே தில்லைக்குப் போகலாம் என்று அவர் கட்டளையிடுகிறார். பண்ணை அடிமையின் துயரம் இவ்வாறு பக்திக் கதைக்குள் நுழைந்தது.

இந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றார் பாரதியார். புலவருக்கோ உடன்பாடில்லை, இலக்கணம் வழுவியிருந்தது, கதையும் சேக்கிழார் சொன்னதினின்று வேறுபட்டிருந்தது. பாரதியார் மீண்டும் மீண்டும் சென்று காத்திருந்தார். ஒருநாள் காத்திருந்த வேளையில் அவர் தமக்குள் உருகிப் பாட, அதைச் செவிமடுத்த புலவர் மனம் இளகிப் பாயிரம் தந்தார் என்பது உ.வே. சாமிநாதையர் வழியாக நாம் அறியும் செய்தி. இலக்கணம் பற்றிய தம் கருத்தை அவர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மறுத்த ஒன்றை முழுமையாகக் கேட்டார், அதுவே போதுமானதாயிற்று.

அக்காலத்தில் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த நம் கத்தோலிக்கப் பெருமகன் வேதநாயகம் பிள்ளை இவ்விருவருக்கும் நண்பர். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தில் அவர் ஏழைகளுக்கு உணவளித்ததைக் கண்டு, சிவபக்தரான பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். சமயம் வேறாயினும் அவர்களிடையே உரையாடல் நின்றதில்லை. ‘சைவர் கதை நமக்கெதற்கு’ என்று கேட்கும் அன்பர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதை தீயைச் சந்தித்தபோது

அதன்பின் நந்தன் காலட்சேப மேடைகளில் பாடப்பட்டார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோவில் வாயிலில் நின்றவரின் பெயராலேயே அவர் இனத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் வாயில் திறந்தது. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று, ஆண் வேடமிட்டு, நந்தனாராகத் திரையில் பாடினார். 1942-இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாரானார்.

பின்னர் வந்தது 1968 டிசம்பர் 25. நாம் பாலன் பிறப்பைக் கொண்டாடிய அந்த இரவில், கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. நந்தனும் அவர்களைப் போன்ற ஒரு பண்ணையாள் அன்றோ? அதற்குப் பின் நந்தன் புகுந்த தீயைப் பழைய கண்களால் பார்க்க எழுத்தாளர்களால் இயலவில்லை. வெண்மணியைக் கருவாகக் கொண்டு ‘குருதிப்புனல்’ நாவலைத் தந்த இந்திரா பார்த்தசாரதி, 1978-இல் ‘நந்தன் கதை’ என்னும் நாடகத்தை எழுதினார். அதில் தீ அற்புதமாக இல்லை. மேலோர் செய்த சூழ்ச்சியாக இருந்தது.

காவியம், கீர்த்தனை, திரைப்படம், நாடகம் என ஒரே கதை இத்தனை வடிவெடுத்தது ஏன்? நேருக்கு நேர் பேச இயலாததைத் தமிழர்கள் நந்தனை நடுவில் வைத்துப் பேசி வந்திருக்கிறார்கள் என்பதே நம் எண்ணம். இருவர் தம் சாதியைப் பற்றி வாதிட்டால் மூன்றாவது சொல்லிலேயே சினம் மூண்டுவிடும். அதே இருவர் நந்தனைப் பற்றிப் பேசினால், முதலில் கதையைக் கேட்பார்கள். கேட்டபின் தம்மை அதில் காண்பார்கள். கலை நமக்குச் செய்யும் பேருதவி இது.

நம் வீட்டுச் சுவர்

இரண்டாம் கூட்டத்தில் இவ்வளவும் சொல்லி முடித்தபோது, “இது கோவில் வாசலில் நடந்த கதைதானே? நம் ஆலயத்தில் யாரை யார் தடுத்தார்கள்?” என்று ஒருவர் கேட்டார். இதற்கு மறுமொழி கூற நாம் வெட்கப்பட்டோம். ஆயினும் கூறத்தான் வேண்டியிருந்தது.

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரு சிறகுகள் வந்து கூடும் அமைப்பில் கட்டப்பட்டது. ஒரு சாதியார் ஒரு சிறகில், பிறர் மறு சிறகில், இடையே சுவர். சிற்பமும் சித்திரமும் மட்டுமன்றிக் கட்டடமும் கலைதானே? நம் பிரிவினையை நாமே கல்லில் எழுதி வைத்தோம். 1910-இல் குருக்கள் அச்சுவரை அகற்றியபோது அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவ்வழக்கு வெற்றி பெறவில்லை.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகிய அவர் 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை உரோமை நீக்கியிருந்தது. தீண்டாமை நம் திருச்சபைக்குள்ளும் உண்டு என்பதை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஆகவே நந்தன் நின்ற வாயில் நமக்கு அயலார் வாயில் அன்று.

முதியவர் பேசினார்

அப்போதுதான் பின்வரிசை முதியவர் எழுந்தார். புண்ணைக் கிளற வேண்டாம் என்றவர் அவர். பழைய வேற்றுமையைப் போற்றுபவர் போலும் என்று நாம் உள்ளூர எண்ணியிருந்தோம். அவ்வாறு எண்ணியதற்காக இப்போது வருந்துகிறோம்.

“சாமி, என் அப்பா பறை அடிப்பவர். சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆள் வரும். தீ மூட்டித் தோலைக் காய்ச்சி இரவெல்லாம் அடிப்பார். விடிந்ததும் கொல்லைப்புறத்தில் இலை போடுவார்கள். நான் வேலைக்கு இந்தப் பக்கம் வந்தபின் என் பிள்ளைகளிடம், தாத்தா கொத்தனார் என்று சொல்லி வளர்த்தேன். நாடகம் போட்டால் பறை அடிப்பார்கள். அடித்தால் என் கை தானே தாளம் போடும். பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.”

“பெரியப்பா, அது இழிவில்லை. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருதே கொடுத்திருக்கிறார்கள்” என்றான் ஓர் இளைஞன்.

“நல்லதுதான் தம்பி. நீங்கள் மேடையில் அடித்தால் கைதட்டுவார்கள். என் அப்பா அடித்தபோது யாரும் கைதட்டவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வீர்களானால் நாடகம் போடுங்கள்” என்றார் முதியவர்.

பிள்ளைகளுக்குச் சாதி என்ற சொல்லே வேண்டாம் என்ற தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆயினும் தம் கருத்தை விட்டுவிடவில்லை. சிறு பிள்ளைகளுக்கு இதை எவ்வாறு விளக்குவது என்று முன்கூட்டியே பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும் என்று கோரினார். நியாயமான கோரிக்கை, எல்லாரும் ஏற்றனர். முதியவரும் ஒரு நிபந்தனை வைத்தார்: பறை இசைக்க அழைக்கப்படும் கலைஞர்கள், விழா விருந்தில் பங்கு மக்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும். அதுவும் தீர்மானத்தில் எழுதப்பட்டது. நந்தன் கதை மேடையேறுவது உறுதியாயிற்று.

கிணற்றடியில் ஒரு பாடம்

அன்பு வாசகர்களே, பிளவுபடுத்தும் பொருளைப் பற்றிப் பேசாதிருப்பதே அமைதி என்று நம் குடும்பங்களில் பலர் கருதுகிறோம். செம்பரம்பாக்கம் ஏரி வேறு பாடம் சொல்கிறது. அளவறிந்து திறந்துவிடும் நீர் ஊரைக் காக்கும். தேங்கி நிறைந்த நீர் ஒரே இரவில் வெளியேறினால் என்னாகும் என்பதை 2015 டிசம்பரில் அடையாற்றின் கரையில் வாழ்ந்தோர் கண்டார்கள். மனத்தாங்கலும் அத்தகையதே. சிறிது சிறிதாகப் பேசித் தீர்க்காததை ஒருநாள் கலவரம் பேசிவிடும்.

எவ்வாறு பேசுவது? நம் ஆண்டவர் யாக்கோபின் கிணற்றடியில் காட்டியிருக்கிறார். யூதரும் சமாரியரும் ஒரு பாத்திரத்தில் நீர் அருந்தாத காலம். அவர் சமாரியப் பெண்ணுக்கு அறிவுரையோடு தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். தமக்கு அவளிடம் தேவை உண்டு என்று காட்டினார். எந்த மலையில் வழிபடுவது என்ற, இரு இனங்களையும் பிரித்த கேள்வியை அவள் எழுப்பியபோது, அவர் பேச்சை மாற்றவுமில்லை, அவளை இகழவுமில்லை.

இம்மாதம் நம் இல்லங்களில் ஒரு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நந்தன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோமா? சொன்னபின், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கூசாமல் விடையளிப்போமா? வாடகைக்கு அறை கேட்டு நம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றால், அவள் தெருவைக் கேட்பதற்கு முன் அவளுக்குத் தண்ணீர் கொடுப்போமா?