சித்தோர்க் கோட்டை: வரலாறும் கதையும்

அஜ்மீரிலிருந்து இரத்லாம் செல்லும் இருப்புப்பாதையில் பயணம் செய்யும் நம்மவர், சமவெளியின் நடுவே தனித்து நீண்டு கிடக்கும் குன்று ஒன்றைக் கண்டிருப்பர். அதுவே மேவார் நாட்டின் சித்தோர்க் கோட்டை. ஆந்திரத்துச் சித்தூர் வேறு. 1963-இல் வெளிவந்த 'சித்தூர் ராணி பத்மினி' என்னும் தமிழ்த் திரைப்படத்தின் பெயரால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டோரும் உண்டு.

குன்றின் உயரம் சமவெளியினின்று ஏறத்தாழ 180 மீட்டர். வளைந்து ஏறும் பாதையில் ஏழு வாயில்களைக் கடந்தே உட்புகல் வேண்டும். ஆயினும் மலைக்கோட்டைக்கு மதிலினும் நீரே உயிர். இங்கே குன்றின் மேலேயே குளங்கள் பல உள்ளன. பசுவின் முகம் போற் செதுக்கிய கல்வழியே ஊற்றுநீர் விழும் 'கோமுகம்' வற்றுவதில்லை என்பர். பீமன் காலால் உதைத்த இடத்தில் நீர் பெருகிற்று என்று ஒரு குளத்திற்குக் கதையும் வழங்குகிறது.

சித்தோர் என்றதும் பத்மினியின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி 1303-இல் இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது வரலாறு. அப்படையெடுப்பில் உடன் சென்ற கவிஞர் அமீர் குஸ்ரு அதனை எழுதியும் வைத்தார். அவர் எழுத்தில் பத்மினியின் பெயர் இல்லை. அவ்வரசியின் கதையை விரித்துப் பாடியவர் மாலிக் முகம்மது ஜாயசி என்னும் அவதிமொழிக் கவிஞர். அவருடைய 'பத்மாவத்' தோன்றியது 1540-இல். இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. பேசும் கிளியும், சிங்களத் தீவிலிருந்து மணமுடித்து வந்த இளவரசியும் அக்காவியத்தில் வருவன. இன்று 'பத்மினி அரண்மனை' என்று காட்டப்பெறும் மாளிகையும் பிற்காலத்திற் புதுப்பித்துக் கட்டியதே. இவ்வாறு சொல்வதால் அக்கதையின் அழகு குறைவதாக நாம் எண்ணவில்லை. காவியத்தைக் காவியமாகப் படிப்பதே ஜாயசிக்கு நாம் செய்யும் மரியாதை.

ஐயத்திற்கு இடமின்றி நிற்பது மகாராணா கும்பாவின் வெற்றித் தூண். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த இத்தூணுக்கு ஒன்பது நிலைகள். உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். உள்ளே படிகள் மேலேறுகின்றன. அகமும் புறமும் தெய்வ உருவங்கள் நிறைந்துள்ளன. போர் பல கண்ட இம்மன்னர், இசை இலக்கணமாகிய 'சங்கீதராஜ'த்தை இயற்றியவர் என்பதை இசையன்பர் அறிவர்.

1535-இல் குஜராத்துச் சுல்தான் பகதூர்ஷாவிடம் கோட்டை இரண்டாம் முறை வீழ்ந்தது. மூன்றாம் வீழ்ச்சியே பெருந்துயர். 1567 அக்டோபரில் அக்பர் முற்றுகையிட்டார். ஜய்மல், பத்தா என்னும் இரு வீரர் காத்து நின்றனர். 1568 பிப்ரவரியில் ஜய்மல் குண்டடிபட்டு இறந்தார். அன்றிரவே மகளிர் தீப்புகுந்தனர். மறுநாள் ஆடவர் வாயில்களைத் திறந்து போரிட்டு மடிந்தனர். கோட்டையுட் புகலடைந்திருந்த குடியானவரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். வீரக்கதைகள் இக்குடியானவரைப் பெரிதும் பேசுவதில்லை. 1615-இல் ஜஹாங்கீருடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் கோட்டை மேவாருக்கு மீண்டது. ஆனால் மதிலைச் செப்பனிடலாகாது என்பது நிபந்தனை.

டில்லியிலும் பிற வடநாட்டு நகரங்களிலும் சாலையோரத்தில் மாட்டுவண்டியை நிறுத்தி, உலையூதி இரும்படிக்கும் குடும்பங்களை நம்மிற் பலர் கண்டிருப்போம். வாணலியோ இடுக்கியோ அவர்களிடம் வாங்கியும் இருப்போம். அவர்கள் 'காடியா லோஹார்' எனப்படுவர். வண்டிக் கொல்லர் என்பது பொருள். தம் முன்னோர் சித்தோரில் படைக்கலம் வடித்தவர் என்றும், கோட்டை வீழ்ந்த அன்று அதனை மீட்கும்வரை உள்ளே கால்வைப்பதில்லை, கூரையின் கீழ் வாழ்வதில்லை, இரவில் விளக்கேற்றுவதில்லை எனச் சூளுரைத்துப் புறப்பட்டவர் என்றும் அவர்கள் கூறுவர். இதற்குக் கல்வெட்டுச் சான்று தேடுவோர் இருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வண்டியிலேயே வாழ்ந்தது கண்கூடு. 1955 ஏப்ரலில் பிரதமர் நேரு அவர்களை அழைத்துக்கொண்டு அக்கோட்டை வாயில்களினூடே உள்ளே சென்றார். சூளுறவு நிறைவேறியது என அறிவிக்கப்பட்டது. குடியிருக்க நிலமும் வீடும் பெற்றோர் சிலர். மற்றையோரின் வண்டிகள் இன்றும் நகரச் சாலையோரங்களில் நிற்கின்றன.